இப்பதான் அறுந்த செருப்பு

போன சனிக்கிழமை என் மகள் கண்ணாடிக்கு முன்னால் நின்று பொய் இமை ஒட்டிக்கொண்டிருந்தாள். றிச்மண்ட் ஹில்லில் அவளுடைய சிநேகிதிக்குக் கல்யாணம். நான் தேத்தண்ணிக் கோப்பையோடு அறை வாசலைக் கடந்தபோது அந்தப் பசையின் மணம் மூக்கில் ஏறியது. அவ்வளவுதான், நின்ற இடத்திலேயே நின்றுவிட்டேன். பிக்கரிங்கில் சொந்த வீடு, கனடாக் குடியுரிமை, தலையில் முக்கால்வாசி வழுக்கை. இத்தனையும் இருந்தும் ஒரு சொட்டுப் பசைக்குப் பயப்படுகிற மனிதனை நீங்கள் கண்டிருக்கமாட்டீர்கள்.

எனக்கு அது ஒட்டு மீசைப் பசையின் மணம். நான் ஒரு காலத்தில் நடிகன். உங்களுக்குச் சிரிப்பு வரலாம்; ஆனால் ஸ்காபரோக் கடைகளில் நான் கத்தரிக்காய் பொறுக்கினால் சனம் ஒருவரையொருவர் இடித்துக் காட்டிய காலம் ஒன்று இருந்தது. தமிழ்த் தொலைக்காட்சியில் ஞாயிற்றுக்கிழமைகளில் அரை மணி நேர நகைச்சுவைத் தொடர். அதில் நான் 'கேஸ் கந்தப்பு'. அகதி வழக்கை எங்கள் ஆட்கள் கேஸ் என்றுதான் சொல்வார்கள். கந்தப்பு வாராவாரம் புதிதாக ஒரு புளுகோடு அதிகாரிக்கு முன்னால் போய் நின்று மாட்டிக்கொள்வான். அதிகாரியாக வந்தவர் மன்னார் மரியதாஸ் அண்ணை. அவரை வெள்ளைக்காரனாக்க முகம் முழுக்கப் பவுடர் அப்புவார்கள். கழுத்தை மட்டும் எப்போதும் மறந்துவிடுவார்கள்.

மேடைப் பயம் எனக்குப் பள்ளிக்கூடத்திலேயே பிடித்த வியாதி. முதல் நாடகத்தில் எனக்குக் காவலாளி வேடம், ஒரே ஒரு வசனம். அதற்கே ஒளிந்துகொண்டேன். திரைக்குப் பின்னால் வந்து என்னைப் பிடித்தவர் என் அண்ணா. "பயந்தா என்ர முகத்தைப் பாரடா, நான் முன்னுக்குத்தான் இருப்பன்" என்றார். சொன்னபடியே முன்வரிசையில் இருந்தார். வசனம் முடிய முதல் கைதட்டலும் அவருடையதுதான். அதன்பிறகு எந்த மேடையிலும் ஒரு முகத்தைத் தேடிப் பிடித்த பிறகுதான் எனக்கு வாய் திறக்கும்.

ரொறன்ரோ வந்து மிசிசாகாவில் பெட்டி கட்டுகிற வேலையில் சேர்ந்து, ஒரு நாடகக் குழுவிலும் சேர்ந்தேன். அந்தக் குழுவிலிருந்துதான் தொலைக்காட்சிக்குப் போனது. ஒருநாள் தேவாலய நிலவறையில் தொடருக்கு ஒத்திகை. மரியதாஸ் அண்ணை மேசையில் குத்திக் கேள்வி கேட்கிறார். எனக்கு வசனம் மறந்துபோயிற்று. அந்த நேரம் பார்த்து என் செருப்பும் அறுந்தது. குனிந்தேன். அறுந்த செருப்பைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "சத்தியமா ஐயா, இப்பதான் அறுந்தது!" என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். இயக்குநர் அதை ஒவ்வொரு வாரமும் எழுதத் தொடங்கினார். புளுகு பிடிபடுகிற நேரத்தில் கந்தப்புவின் செருப்பு அறுந்தே தீரும். கொஞ்ச நாளில் ஊர் முழுக்க அதே வசனம்தான். பஸ்ஸைத் தவறவிட்டவன் சொன்னான், வீட்டுப்பாடம் செய்யாத பிள்ளை சொன்னது, என் பல் வைத்தியர்கூட ஊசியோடு நின்று சொன்னார்.

எனக்கு மட்டும் அதைக் கேட்கச் சிரிப்பு வரவில்லை. ஏனென்றால் அந்தச் செருப்பு முதலில் அறுந்தது அந்த நிலவறையில் அல்ல.

ஊரில் ஒருநாள் இராணுவத்தின் சுற்றிவளைப்பு. இளம் ஆட்களையெல்லாம் பள்ளிக்கூட மைதானத்தில் வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். ஜீப்பில் ஒருவன் தலையைச் சாக்கால் மூடிக்கொண்டு இருந்தான். அவனுக்குத் தலையாட்டி என்று பெயர். அவன் யாரைப் பார்த்துத் தலையாட்டுகிறானோ அந்த ஆளை வரிசையிலிருந்து இழுத்து லொறியில் ஏற்றிவிடுவார்கள். எனக்கு முன்னால் அண்ணா. ஜீப் கிட்ட வந்தபோது என் செருப்பு வார் அறுந்தது. குனிந்தேன். நிமிர்ந்தபோது முன்னால் அண்ணா இல்லை. லொறிப் பக்கம் அவருடைய முதுகு தெரிந்தது. பிறகு ஒருநாளும் தெரியவில்லை.

இப்போது என் சங்கடம் உங்களுக்கு விளங்கும். என் சொந்தக் கேஸ் அப்போது இன்னும் விசாரணைக்கு வரவில்லை. சட்டத்தரணிக்கு நான் கொடுத்திருந்த உண்மைக் கதை இதுதான், அதே செருப்போடு. விசாரணைக்கு நாள் வந்துவிட்டது என்று மரியதாஸ் அண்ணையிடம் சொன்னேன். அவர் பகிடியாகத்தான் சொன்னார்: "மொழிபெயர்க்க வாறது எங்கட ஆள்தானே தம்பி. எங்கட ஆள் ஞாயிற்றுக்கிழமை ரீவி பாக்காமல் இருப்பானோ?"

அந்தப் பகிடி என்னைத் தின்றுவிட்டது. சோறு இறங்கவில்லை. வேலையில் மொன்றியல் போக வேண்டிய பெட்டியை வன்கூவருக்குக் கட்டினேன். கந்தப்புவின் புளுகைத்தான் நானும் சொல்கிறேன் என்று நினைத்து என்னைப் பொய்யன் என்று சொன்னால் திருப்பி அனுப்புவார்கள். அனுப்பினால் அதே மைதானம்தான். கதையில் செருப்பை மட்டும் எடுத்துவிடலாமா என்றும் யோசித்தேன். எடுத்தால் அது பொய்யாகிவிடும். விட்டால் பொய் மாதிரி இருக்கும்.

விசாரணை அறையில் நீதிபதி ஒரு பக்கம், நானும் சட்டத்தரணியும் மறுபக்கம், நடுவில் மொழிபெயர்ப்பாளர். நரைத்த தலை, மூக்குக் கண்ணாடி, சலனமில்லாத முகம். "உண்மைதான் சொல்லுவன் எண்டு சத்தியம் செய்யிறீங்களோ?" என்று கேட்டார். கந்தப்புவின் ஒட்டு மீசை இல்லை, தலையை ஒட்ட வாரியிருந்தேன், குரலையும் தாழ்த்தி "ஓம்" என்றேன். அந்த ஒரு ஓமுக்கே அவர் தலை நிமிர்ந்தது. கந்தப்புவை அடையாளம் கண்டுவிட்டார்.

நீதிபதி கேட்டுக்கொண்டே போனார். உன் அண்ணாவைக் காட்டிக் கொடுத்தவன் பின்னால் நின்ற உன்னை ஏன் காட்டவில்லை?

"நான் குனிஞ்சிருந்தனான்."

ஏன்?

"செருப்பு அறுந்திட்டுது."

மொழிபெயர்ப்பாளரின் பேனை அப்படியே நின்றது. பிறகு ஆங்கிலத்தில் சொன்னார். நீதிபதி எழுதுவதை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார். அவர் கேட்டதை மொழிபெயர்ப்பாளர் மெதுவாகத் தமிழில் கேட்டார்: "சரியா அந்த நேரத்திலயோ அறுந்தது?"

வேறு எப்படிச் சொல்லலாம் என்று மனம் முழுக்கத் தேடினேன். வாராவாரம் பழகிய நாக்கு எனக்கு முந்திக்கொண்டது. அதே இழுவையோடு, "சத்தியமா ஐயா, அப்பதான் அறுந்தது" என்றேன்.

மொழிபெயர்ப்பாளரின் உதட்டின் ஒரு பக்கம் துடித்தது. நான் பார்த்தேன். அந்த உதடு சிரித்தால் நான் முடிந்தேன். கடவுளே, சிரிக்காதே ஐயா, சிரிக்காதே. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். திரும்ப மாட்டிக்கொண்டு நீதிபதி பக்கம் திரும்பி, ஒவ்வொரு சொல்லாக ஆங்கிலத்தில் சொன்னார். நீதிபதி அதற்குமேல் செருப்பைப் பற்றிக் கேட்கவில்லை.

திரும்பும்போது லிப்டில் நாங்கள் இரண்டு பேரும்தான். விதிப்படி என்னோடு அவர் கதைக்கக்கூடாது. கதவைப் பார்த்துக்கொண்டே, "எங்கட வீட்டில பிள்ளையள் உந்தச் செருப்பு வசனத்தைச் சொல்லித்தான் விளையாடுறவை, தம்பி" என்றார். கீழே வந்து கதவு திறக்கும்போது, "இனிச் சொல்ல விடமாட்டன்" என்றுவிட்டு இறங்கிப் போனார்.

கேஸ் சரிவந்தது. செருப்பை விட்டுவிடுவோம் என்று இயக்குநரிடம் கெஞ்சிப் பார்த்தேன். "விசரே உனக்கு? சனம் உதுக்குத்தான் ரீவி போடுது" என்றார். அதனால் தொடர் நிற்கும்வரை ஒவ்வொரு ஞாயிறும் குனிந்தேன். குனிந்தால் நிமிரப் பயம். நிமிர்ந்ததும் வசனத்துக்கு முன்னால், மரியதாஸ் அண்ணை இன்னும் நிற்கிறாரா என்று ஒருதரம் பார்ப்பேன். அந்த முழிசாட்டமும் நடிப்பென்று நினைத்துச் சனம் இன்னும் கூடுதலாகச் சிரித்தது.

அந்தத் தொலைக்காட்சி நிலையம் இருந்த கட்டடத்தில் இப்போது வீட்டுச் சாமான்களைப் பூட்டிவைக்க வாடகைக்கு அறை விடுகிறார்கள். தொடரின் வீடியோ நாடாக்களுக்கு மேலேயே வேறு நிகழ்ச்சிகளைப் பதிந்துவிட்டார்களாம். மரியதாஸ் அண்ணை போய்ச் சேர்ந்து கனகாலம். அந்த வசனத்தைச் சொல்லித் திரிந்த பிள்ளைகள் இப்போது தங்கள் பிள்ளைகளை நீச்சலுக்கு ஏற்றி இறக்குகிறார்கள். கண்டால் என்னைத் தெரியாது. என் மனைவிக்கு, அண்ணா காணாமல் போனவர் என்பது மட்டும் தெரியும். மகளுக்கு அதுவும் சரியாகத் தெரியாது. சிரிப்பார்களோ என்ற பயத்தில் வீட்டில் நான் செருப்புக் கதையைச் சொன்னதில்லை.

"ஐயோ அப்பா, லாஷ் விழுந்திட்டுது! டோன்ற் மூவ்!" என்றாள் மகள். என் காலடியில் கறுப்பாக அந்தப் பொய் இமை கிடந்தது. கோப்பையை வைத்துவிட்டுக் குனிந்து எடுத்தேன். நிமிர்ந்ததும் முதலில் அவளைத் தேடினேன்.

"வாட் ஆர் யூ லுக்கிங் அற், அப்பா?"

"நிக்கிறியோ எண்டு பாத்தன்."

மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். சிரிக்காமல் இருக்கக்கூடிய ஒரு மனிதர் இந்த ஊரில் இருந்தார். போன மாதம் அவருடைய மரண அறிவித்தலை இணையத்தில் பார்த்தேன். மூக்குக் கண்ணாடியோடு, அதே சலனமில்லாத முகம்.