புதுப்பெயின்ட் அடித்த துடுப்பு

விற்பவர் சிரித்துப் பேசினால் நான் பொருளை இன்னொரு முறை திருப்பிப் பார்ப்பேன். எங்கள் குடும்பத்தில் முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமலே கைநாட்டு வைத்தவர்களின் பிள்ளைக்கு இந்தப் புத்தி வராமல் எப்படி இருக்கும்?

அன்று நான் வாங்கப் போனது கயாக் துடுப்பு. கயாக் என்றால் நடுவில் உள்ள ஓட்டைக்குள் இறங்கி உட்கார்ந்து ஒருவரே ஓட்டும் சிறு படகு; அதன் துடுப்புக்கு இரண்டு முனையிலும் தகடு இருக்கும். பெங்களூரில் வேலை பார்த்துக்கொண்டே விடுமுறைகளில் மலையாற்றில் கயாக் ஓட்டப் பழகியிருந்தேன். அடுத்த வாரம் குடகில், பாறைகளுக்கு நடுவே நுரைத்து இறங்கும் ஆற்றில் முதல் தடவையாக ஓட்ட வேண்டும். அங்கே படகு கவிழ்ந்தால் தலை தண்ணீருக்குள் போய்விடும். துடுப்பை வீசித்தான் நிமிர முடியும். அந்த நேரத்தில் அது முறிந்தால் அவ்வளவுதான்.

புதியது எனக்குக் கட்டுப்படியாகாது. துபாயிலிருந்து திரும்பிய ஒருவர் மன்னார்குடிப் பக்கம் இரண்டு பழைய துடுப்புகளை விற்பதாக இணையத்தில் போட்டிருந்தார். ஊருக்கு வந்தபோது அவர் வீட்டுக்குப் போனேன். வாசலில் அவருடைய அப்பா நின்றிருந்தார்.

"யாரு வீட்டுப் பொண்ணும்மா நீ? எந்தத் தெரு?"

அந்தக் கேள்வி எதைத் தேடுகிறது என்று இந்தப் பக்கத்தில் பிறந்த எல்லோருக்கும் தெரியும். என் அப்பாவாக இருந்தால் 'ஐயா' என்று ஆரம்பித்திருப்பார்.

"துடுப்பு வாங்க வந்திருக்கேன் சார்," என்றேன்.

மகன் இரண்டையும் கொண்டுவந்து சுவரில் சாய்த்தார். ஒன்று நீளம், சிவப்பாகப் பளபளத்தது. மற்றது குட்டை, உடம்பெல்லாம் கீறல். சிவப்பைத்தான் என் கையில் திணித்தார்.

"இத எடுத்துக்குங்க. புதுசு மாதிரி இருக்கு பாருங்க."

பெரியவர் அதை வாங்கி என் பக்கத்தில் நிறுத்திப் பார்த்தார். "ஆளுக்கு மேல நிக்குது. நல்ல கழி. தரையத் தொடும்."

எனக்குச் சுருக்கென்றது. எங்கள் ஊர்த் தண்ணீரில் கழியால் அடிமண்ணை உந்தித்தான் தெப்பத்தை நகர்த்துவார்கள். கயாக் துடுப்பு எதற்குத் தரையைத் தொட வேண்டும்?

வெயிலில் திருப்பிப் பார்த்தேன். ஒரு முனைத் தகட்டில் மட்டும் பெயின்ட் தடிமனாக இருந்தது. அதில் ஒரு பிரஷ் மயிர்கூட ஒட்டியிருந்தது. விரல் முட்டியால் தட்டினேன். ஒரு முனை 'டக்' என்றது, மற்றது 'பொத்' என்றது.

"என்னங்க, பானை வாங்குற மாதிரி தட்டுறீங்க?" மகன் சிரித்தார்.

"இந்தப் பக்கம் உள்ள விரிசல் விட்டிருக்கு. எங்க அடிபட்டுச்சு?"

"அடியெல்லாம் படலங்க. அது தண்ணியவே பாத்ததில்ல."

"ஏன்டா பாக்கல?" பெரியவருக்கு ரோஷம் வந்துவிட்டது. "போன மழைக்கு வயலு முங்குனப்ப வாழமரத் தெப்பத்துல கதிர்க்கட்ட ஏத்தி, இதால உந்தித்தான கரை சேத்தேன்? நீ துபாய்ல உக்காந்திருந்த. சேத்துல சிக்கி வளைஞ்சுச்சு, அப்பயும் விடலியே நான்!"

"அப்பா, நீங்க உள்ள போங்க."

"எதுக்குப் போவணும்? பெயின்ட் அடிச்சது நானா?"

நான் குட்டைத் துடுப்பை எடுத்தேன். நிமிர்த்தி வைத்துக் கையை உயர்த்தினேன். விரல்கள் மேல்தகட்டின் விளிம்பில் மடங்கின. அதுதான் என் அளவு. இரண்டு முனையும் ஒரே மாதிரி ஒலித்தன.

"இதக் குடுங்க."

"அது... நான் வச்சுக்கலாம்னு..."

"தொப்பைய வச்சுக்கிட்டு நீ அந்தப் படகு ஓட்டைக்குள்ள எறங்குவியாக்கும்? அந்தப் பொண்ணுக்குக் குடுடா."

பெரியவர் எனக்காகப் பேசியதும் என் சந்தேகம் கூடியது. வீட்டுக்கு எதிரே இருந்த வாய்க்கால் படிக்கட்டின் கல்லிடுக்கில் தகட்டைச் செருகி, தண்டின்மேல் முழு பாரத்தையும் போட்டேன். வளைந்தது. விட்டதும் நிமிர்ந்தது. அதன் பிறகுதான் காசை எடுத்தேன்.

குடகில் முதல் பாறை இறக்கத்திலேயே படகு கவிழ்ந்தது. தலைகீழாகத் தொங்கினேன். காதுக்குள் ஆறு இரைந்தது. இதிலும் ஏதாவது மறைத்திருப்பாரோ என்றுதான் அந்த நொடியிலும் தோன்றியது. வீசினேன். வானம் வந்தது.

கரையில் ஒதுங்கியதும் உடன் வந்தவர்கள் கைதட்டினார்கள். நான் தகட்டின் விளிம்பைத் தடவித் தடவி விரிசல் தேடிக்கொண்டிருந்தேன்.