விரத நாளும் நெஞ்செரிச்சல் மாத்திரையும்

என் வீட்டுக்காரருடைய நெஞ்செரிச்சல் எனக்கு மூத்தது. நான் அந்த வீட்டுக்கு வாழ வருவதற்கு முன்பே அது அங்கே இருந்தது. பெண் பார்க்க வந்தபோது அதை மட்டும் யாரும் சொல்லவில்லை. கிள்ளானில் குடியேறிய காலத்தில் ஒரு வாய் சோடா குடித்தால் அடங்கிவிடும். தொண்ணூறுகளில் அடங்க மறுத்தது. படுத்தால் புளித்த நீர் தொண்டை வரை ஏறும். வெள்ளிக்கிழமை கோயிலில் தேவாரம் பாடுகிறவர்களில் அவர்தான் முதல் குரல். அந்தக் குரல் கரகரத்து, பாதிப் பாட்டில் நின்று போகும். பின்னால் உட்கார்ந்திருக்கும் எனக்குக் கண்ணில் நீர் வரும். அவரோ வெளியே வந்து, "இன்னைக்கு மைக் சரியில்லலா" என்பார்.

கிள்ளான் ஆஸ்பத்திரியில் வயிற்றுக்குள் குழாய் விட்டுப் பார்த்தார்கள். பயப்படும்படி ஒன்றும் இல்லை, இரைப்பையின் மேல்வாய் சரியாக மூடாததால் அமிலம் ஏறிப் புண்ணாக்கியிருக்கிறது என்று சொல்லி மாத்திரை கொடுத்தார்கள். தினமும் காலையில், பசியாறுவதற்கு அரை மணி முன்னால். மாதங்கள் போயின, எரிச்சல் போகவில்லை. கோலாலம்பூரில் ஆப்ரேஷன் செய்யும் டாக்டரைப் பார்க்க அனுப்பினார்கள்.

பஸ்ஸில் அவர் தைரியமாகப் பேசிக்கொண்டே வந்தார். லோரி ஓட்டுகிறவர், எதையும் வண்டிக் கணக்கில்தான் யோசிப்பார்.

"வால்வு லீக் ஆச்சுன்னா கழட்டிச் சரி பண்ணிடணும். ஒரே நாள்ல வேலை முடிஞ்சிரும்."

"உங்க லோரிக்கு மயக்க மருந்து வேண்டாம். உங்களுக்கு வேணுமே," என்றேன்.

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கத்தி என்றாலே எனக்கு நடுக்கம். முருகா முருகா என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே போனேன்.

டாக்டர் தமிழர், வயதில் சின்னவர். இரைப்பையின் மேல்பகுதியை உணவுக்குழாயைச் சுற்றி மடித்துத் தைப்பதுதான் ஆப்ரேஷன் என்று தன் விரலையே மடித்துக் காட்டினார்.

"மருந்து ஒழுங்கா சாப்பிடுறீங்களா அங்கிள்?"

"ஒரு நாள் தவறினதில்ல டாக்டர்."

"சரி. டெஸ்ட், தேதி எல்லாம் வர்ற வரைக்கும் இன்னும் மருந்து எழுதித் தரேன்."

"வேண்டாம் டாக்டர். லோரியில நிறைய மிச்சம் இருக்கு."

பேனா நின்றது. "தினமும் சாப்பிட்டா எப்படி மிச்சம் இருக்கும்?"

"பசியாறுறதுக்கு முன்னாலதானே சாப்பிடச் சொன்னாங்க? விரதத்தன்னிக்குத்தான் பசியாறுறதே இல்லையே."

"வாரத்துல எப்பெப்ப விரதம்?"

"செவ்வாய், வெள்ளி முருகனுக்கு." கொஞ்சம் தயங்கினார். "திங்கள் சிவனுக்கு. அது இப்பத்தான். இந்த நெஞ்செரிச்சல் போகணும்னு வேண்டிக்கிட்டது."

டாக்டர் என்னைப் பார்த்தார். மாத்திரை அட்டை லோரியிலேயே கிடக்கும், அவர் நாள் விடுவது எனக்கே அப்போதுதான் தெரியும் என்பதை எப்படிச் சொல்வது? நான் மேலே சுற்றும் காற்றாடியைப் பார்த்தேன்.

"குணமாகணும்னு விரதம் இருந்து, விரதத்துக்காக மருந்த நிறுத்திட்டீங்களா அங்கிள்?"

"நிறுத்தல டாக்டர். ஒத்தி வெச்சேன்."

"விரதத்துல வாயில எதுவுமே படாதா?"

அதற்கு மேல் என்னால் பொறுக்க முடியவில்லை. "கறுப்புக் கோப்பி படும் டாக்டர்! காலைல ஒண்ணு, மத்தியானம் ஒண்ணு. சாயங்காலம் கோயில்லேர்ந்து வந்து மூணு வேளைச் சோத்தையும் ஒண்ணாச் சாப்பிட்டு, கை காயறதுக்குள்ள படுத்துருவாரு."

"நீ சும்மா இரேன்லா."

டாக்டர் சிரிக்கவில்லை, உதட்டைக் கடித்துக்கொண்டார். "விரதம் இருக்காதீங்கன்னு நான் சொல்லல. முதல்ல ரெண்டு மாசம், விரத நாள்லயும் மாத்திரை போடுங்க. கோப்பிய விடுங்க. ராத்திரி அளவா சாப்பிட்டு, மூணு மணி நேரம் கழிச்சுப் படுங்க. அப்பவும் எரிஞ்சா டெஸ்ட் எடுத்துட்டு ஆப்ரேஷன் பத்திப் பேசலாம். மருந்துல குணம் தெரிஞ்சும், அதைக் காலம் பூரா முழுங்க முடியாதுன்னு உங்களுக்குத் தோணினாலும் பேசலாம். இப்பவே வெட்டினா எதுக்கு வெட்டினோம்னே தெரியாது."

திரும்பும் வழியில் பிரிக்பீல்ட்சில் ஒரு கடையில் சாப்பிட உட்கார்ந்தோம். இலையில் சோறு அப்படியே இருந்தது.

"மாத்திரை நாக்குல பட்டா விரதம் போச்சு," என்றார்.

"அப்ப கோப்பி எந்த வழியாப் போச்சு?"

அவர் இலையோரத்து உப்பை விரலால் தள்ளிக்கொண்டிருந்தார். எனக்கும் அவரைச் சீண்டியது போதும் என்று தோன்றியது. "பட்டினி கிடக்க முருகனுக்கு ஆயிரம் பேர் இருக்காங்க. பாடுறதுக்கு உங்க தொண்டை வேணும்," என்றேன். அவர் ரசத்தை ஒதுக்கிவிட்டு மோர் கேட்டார்.

அடுத்த விரத நாள் காலையில் குளித்து, திருநீறு பூசி, மாத்திரை அட்டையை முருகன் படத்தடியில் வைத்தார். சூடம் காட்டினார். தீர்த்தச் செம்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஒரு மாத்திரையை விழுங்கினார்.

"பிரசாதமா?" என்றேன்.

"மருந்துதான். ஆனா அவர் குடுத்தது."

இரண்டு மாதம் கழித்துப் போனபோது எரிச்சல் எப்போதாவதுதான் வந்தது. டாக்டர் கேட்டார், "என்ன அங்கிள், ஆப்ரேஷன் வேணுமா?"

"இப்ப வேண்டாம் டாக்டர். மாத்திரை அலுத்துப் போனா நானே வந்து கேக்கறேன்." பிறகு பெருமையாக, "என் திங்கக்கிழமை விரதம் பலிச்சிருச்சு" என்றார்.

டாக்டரும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். மறுத்துப் பேச எனக்கு மனம் வரவில்லை. மாத்திரை மிச்சம் இருக்கிறது என்று அன்று அவர் வாயிலிருந்து வரவழைத்தது, பஸ்ஸில் நான் கூப்பிட்ட முருகன்தான் என்று எனக்கும் ஒரு நம்பிக்கை உண்டு. மருந்து வாங்கும் வரிசையில் அவரே போய் நின்றார். நான் பெஞ்சில் உட்கார்ந்து, பல மாதங்களுக்குப் பிறகு நிம்மதியாகக் கொட்டாவி விட்டேன்.