சுல்பிகா கொடுத்த இரத்தம்

இல்லை, ஆணா பெண்ணா என்று பார்க்கச் சுல்பிகா இரத்தம் கொடுக்கவில்லை. மூன்றாவதும் பெண்ணென்றால் இன்னொரு வீடு கட்டவேண்டுமே என்று பயந்துவிட்டாளாம். அடுத்த வளவு நஸீறா சொல்லித் திரிகிறாள். கல்முனையில் பெண்பிள்ளை பெற்ற எல்லோரும்தான் சீதனமாக வீடு கட்டிக் கொடுக்கிறார்கள். அதற்குப் பயந்து ஒருத்தி கையில் ஊசி குத்திக்கொண்டாள் என்று கேள்விப்பட்டதுண்டா?

சுல்பிகாவின் கண்ணுக்குள் நின்றவன் அவள் தம்பி றிம்சான். சின்னக் கண், தட்டை மூக்கு, வாய் நிறையச் சிரிப்பு. பேச்சு முழுசாக வராது. ஆனாலும் சந்தியில் நின்று "அக்கரப்பத்து, அக்கரப்பத்து" என்று கொண்டக்டர் மாதிரிக் கூவுவான். பஸ்காரர்கள் மெதுவாக்கி அவனுக்குக் கைகாட்டிவிட்டுத்தான் போவார்கள். அந்தக் குரல் கேட்ட சந்தி இப்போது வெறும் சந்தி. வீடு திரும்பும்போது அவன் உதடு நீலம் பாரித்திருக்கும். வெயில் என்றார்கள். உம்மா ஓதிய தண்ணீர் கொடுத்தாள், கஞ்சி கொடுத்தாள். பத்தொன்பது வயதில், ஓர் அஸர் தொழுகைக்குப் பிறகு, ராத்தா சுல்பிகாவின் மடியில் சாய்ந்தவன் எழும்பவில்லை. இதயத்தில் ஓட்டையாம். பிறந்தவுடன் கண்டிருந்தால் அடைத்திருக்கலாமாம். டொக்டர் அதைச் சொன்னபோது ஆஸ்பத்திரிக்கு அவன் மையித்தை வாங்கத்தான் போயிருந்தார்கள்.

நாற்பத்தொரு வயதில் சுல்பிகாவுக்கு மறுபடி வயிற்றில் தங்கியது. தாயின் இரத்தத்தில் பிள்ளையுடையதும் கொஞ்சம் கலந்து ஓடுமாம்; றிம்சானைப் போன்ற பிள்ளையா என்று அதிலேயே பார்க்கலாமாம். கொடுத்தாள். இரண்டு கிழமையில் பதில் வந்தது: பெரும்பாலும் அப்படித்தான், ஆனால் முடிந்த முடிவில்லை. பிறகு ஸ்கேனில் இதயத்து ஓட்டையும் தெரிந்தது. சின்ன இதயம் திறந்து தைக்கிற கொழும்பிலேயே பிறக்கட்டும் என்றார் டொக்டர்.

புருஷன் ஜெஸீமுக்கு மனமில்லை. மகள் பிள்ளைப்பேறு தன் கையில்தான் என்று உம்மாவும் பிடிவாதம்.

"கொழும்புல நமக்கு ஆரு இரிக்காங்க, புள்ள? இஞ்ச பெத்தா உம்மா பார்ப்பா" என்றான்.

"உம்மா றிம்சானையும் நல்லாத்தான் பார்த்தா" என்றாள் சுல்பிகா. "தெரியாம அவன விட்டம். இப்ப தெரிஞ்சிரிக்கி. தெரிஞ்சிக்கிட்டு விட ஏலா."

ஜெஸீம் கொழும்புக்கு வேன் பேசிவிட்டு வந்தான். உம்மா மட்டும் மூன்று நாள் முகம் கொடுக்கவில்லை.

எட்டாம் மாதம், ஒரு திங்கட்கிழமை காலை, வேன் வந்து நின்றது. உம்மா குசினியிலிருந்து வந்து, மகளின் வயிற்றில் கைவைத்து ஓதி ஊதினாள். சுல்பிகா பிஸ்மி சொல்லிப் படியிறங்கினாள். ஜெஸீம் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனான்.