ஏரிப் பெட்டிக்கு அப்பா வைத்த பொட்டு

ஆயுத பூஜை வந்துவிட்டால் எங்கள் அப்பாவின் கை சும்மா இருக்காது. மிக்சி, கிரைண்டர், வாசலில் நிற்கும் அவருடைய லோடு ஆட்டோ என்று எதையும் விடமாட்டார். முதலில் சந்தனம், அதன் மேல் குங்குமம். அசந்து உட்கார்ந்திருந்தால் நமக்கும் ஒன்று விழும்.

எனக்கு ஏழு வயதாக இருந்த அந்த வருஷம், பூஜையில் அத்தையின் பெட்டியும் சேர்ந்துகொண்டது. அத்தை அப்பாவின் தங்கை, எங்களோடுதான் இருந்தாள். ராஜகீழ்ப்பாக்கத்தில் வெள்ளம் எங்கள் வீட்டுக்குள் புகுந்து போன பிறகு, ஏரி நிரம்புவதை முன்கூட்டியே செல்போனுக்குச் சொல்லும் பெட்டியைச் செய்ய அவளுக்கு அரசாங்கத்தின் ஆராய்ச்சி நிதி கிடைத்திருந்தது. பூஜை விடுமுறை முடிந்ததும் டெல்லியிலிருந்து ஒரு குழு பார்க்க வருகிறது. அவர்களுக்குப் பிடித்தால் வேலை தொடரும். இல்லையென்றால் எல்லாவற்றையும் மூட்டை கட்டவேண்டியதுதான். அத்தைக்குச் சோறு இறங்கவில்லை. அவளைப் பார்க்கவே எனக்குப் பாவமாக இருந்தது.

கடைசியாக ஒருமுறை ஓட்டிப் பார்க்கிறேன் என்று கெஞ்சினாள். பூஜையில் வைத்ததை விஜயதசமி கழியாமல் தொடக்கூடாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம். அப்பா மசியவில்லை.

குழு வந்த அன்று காலை ஒரே ஓட்டம். பெட்டி மேலிருந்த பூவை எடுத்துவிட்டு, மேலாக ஒரு துடைப்பு துடைத்து, லோடு ஆட்டோவில் ஏற்றி ஏரிக்குக் கிளம்பினோம். எனக்குக் காலாண்டு விடுமுறை, நானும் தொற்றிக்கொண்டேன்.

மழை இன்னும் பிடிக்கவில்லை. ஏரியில் மாடு நின்றால் முட்டி நனையாது. அத்தை பெட்டியைக் கம்பத்தில் மாட்டி, வந்தவர்களின் நம்பர்களை அதில் ஏற்றி, சுவிட்சைப் போட்டாள். அவ்வளவுதான்! ஏரி நிரம்பிவிட்டது, உடனே வெளியேறுங்கள் என்று வந்தவர்கள் எல்லாருடைய செல்போன்களும் அலறின. ஐயோ, அத்தை முகம் செத்துப்போயிற்று.

பெட்டியைக் கழற்றித் திருப்பினாள். தண்ணீரைப் பார்க்கவேண்டிய இரண்டு வட்டக் கண்களிலும் சந்தனம் காய்ந்து அடைத்திருந்தது. கண்ணை ஒட்டியிருந்த சந்தனத்தையே அதுவரை ஏறிவிட்ட தண்ணீர் என்று நம்பிவிட்டது பெட்டி.

"அண்ணா, இங்கியுமா வச்ச?"

"கண்ணு மாரி கீதேன்னு வச்சேம்மா. அதுக்கு இன்னா இப்போ?"

குழுவில் தமிழ் தெரிந்த ஒரு அம்மா இருந்தார். சிரிப்பார் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை. "நாளைக்குக் காக்கா எச்சம் போட்டாலும் இப்படித்தானே கத்தும்?" என்று கேட்டார்.

அத்தை மழுப்பவில்லை. "கத்தும் மேடம். தன் கண்ணு அடைச்சிருக்குன்னு அதுக்கே தெரியணும். நான் அதை யோசிக்கவே இல்ல. ஆனா செஞ்சிடலாம்."

அவர்கள் தள்ளிப்போய் நெடுநேரம் பேசினார்கள். அத்தை கரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். பிறகு அந்த அம்மா வந்து ஏதோ சொல்லி, அவள் முதுகில் தட்டிவிட்டுப் போனார்.

"இன்னும் ரெண்டு வருஷம் இதையே செய்யச் சொல்லிட்டாங்கண்ணா" என்ற அத்தை முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். அப்பாவும் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

எனக்கு விஷயம் விளங்கிவிட்டது. எங்கள் தெரு அண்ணன் ஒருவனை ஒன்பதாவதையே மறுபடி படிக்கச் சொன்னபோது அவனும் இப்படித்தான் அழுதான். இவளுக்கு இரண்டு வருஷம்! ஓடிப்போய் அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டேன்.

"அழாத அத்தை. நல்லாப் படி, அடுத்த வாட்டி பாஸாயிடுவ."

அத்தை அழுகையோடு சிரித்தாள். அப்பா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ஃபெயிலானதற்குப் போய் இப்படிச் சிரிக்கிறார்களே, இவர்கள் எப்போதுதான் உருப்படுவார்களோ என்று எனக்குக் கோபம் கோபமாக வந்தது.