மண் ராஜாவின் பாதங்கள்

உத்திரமேரூர் பக்கத்தில் எங்கள் ஊர் அம்மன் கோயிலில், தீமிதி அன்று காலையில் கூத்தின் கடைசிச் சண்டையான படுகளம் நடக்கும். கோயிலுக்கு எதிரே வெட்டவெளியில், மல்லாந்து கிடக்கும் ஒரு ராஜாவை ஈரமண்ணால் செய்வார்கள். கெட்ட ராஜா. தலைமாட்டிலிருந்து கால்மாட்டுக்கு நடந்துதான் போக வேண்டும், அவ்வளவு நீளம். கூத்தாடி வந்து அவன் தொடையில் அடித்துப் பிளந்ததும், உள்ளே புதைத்து வைத்த குங்குமத் தண்ணீர் பீறிடும். சனம் விழுந்தடித்துக்கொண்டு அந்த மண்ணை அள்ளும். நெல்லில் போட்டால் நெல் பெருகும், உடம்பில் பூசினால் நோய் போகும் என்பார்கள்.

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்த ராஜாவைப் பார்க்கிறேன். பார்க்கிறேன் என்பதே பொய். எப்போது அடி விழும், எப்போது மண்ணை அள்ளலாம் என்றுதான் நிற்பேன்.

போன திருவிழாவுக்கு என்னைப் பிடித்துத் தள்ளியவள் என் நாத்தனார். என் வீட்டுக்காரர் வைக்கோல் லோடு ஏற்றும்போது லாரி மேலிருந்து விழுந்து, இடுப்புக்குக் கீழே உணர்வில்லாமல் படுத்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. "தொட மண்ணு எத்தாந்து என் தம்பி கால்ல பூசு மே. டாக்டருங்களுக்கு இன்னா தெரியும்?" என்றாள்.

டாக்டருக்குத் தெரிந்தது எனக்கும் தெரியும். ஆஸ்பத்திரி வராந்தாவுக்கு என்னைக் கூப்பிட்டு, இனி நடக்க மாட்டார் என்று சொல்லிவிட்டார். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய், "ஆறு மாசத்துல நடப்பியாம்யா" என்றேன். ஆறு மாசம் போனதும் இன்னும் ஆறு மாசம் என்றேன். அந்த மனுஷன் நம்பினார். பார்க்க வருகிறவர்களிடமெல்லாம், "அடுத்த அறுப்புக்கு வந்துடுவேன் பாரு" என்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பொய் சொன்னவள் நான், கோபம் அவர்மேல். என்ன ஜென்மமோ நான்!

அன்று கூட்டம் சேருவதற்கு முன்பே போய்விட்டேன். மண் வேலை முடித்த ஆட்கள் ஓரமாக உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். ராஜாவின் கால்மாட்டில் நின்றேன். அப்போதுதான் அந்தப் பாதங்களைப் பார்த்தேன். இரண்டும் வெளிப்பக்கமாகச் சாய்ந்து, போட்டது போட்டபடி கிடந்தன. தூங்குகிறவன் பாதம் அப்படி விழும். ஆனால் இவன் கண் விழித்திருக்கிறது. கை ஆயுதத்தைப் பிடித்திருக்கிறது. மீசை முறுக்காக நிற்கிறது. பாதம் மட்டும் செத்துக் கிடக்கிறது. தினமும் நான் துணி நனைத்துத் துடைக்கிற பாதம்! மண்ணைக் குழைத்தவர் தெரிந்துதான் அப்படி வைத்தாரோ, ஈர மண் பாரம் தாங்காமல் சாய்ந்ததோ, எனக்கென்ன? என் வீட்டுக் கட்டிலில் கிடப்பதை இன்னொருவரும் பார்த்திருக்கிறார் என்று தோன்றியது. அதுவரை அதை நான் ஒருத்தியாகத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கூத்து வந்தது, அடி விழுந்தது, சனம் பாய்ந்தது. என் கண்ணெதிரே அந்தக் கால்களைப் பிய்த்து எடுத்தார்கள். நாத்தனாரும் முந்தானையில் அள்ளினாள். "விடுங்கடி! அந்தக் கால விடுங்கடி!" என்று கத்திக்கொண்டு ஓடி விழுந்து, மிச்சமிருந்த பாதத்தைக் கட்டிக்கொண்டு அழுதேன். முடி அவிழ்ந்ததுகூடத் தெரியவில்லை.

படுகளத்தில் ஒருத்தி முடி அவிழ்ந்து கத்தினால் எங்கள் ஊரில் அதற்கு ஒரே அர்த்தம்தான். "சாமி வந்துட்ச்சி! வேப்பில எத்தாங்க!" என்றார்கள். மஞ்சள் தண்ணீரைத் தலையில் ஊற்றினார்கள். பம்பைக்காரர் என் காதுக்குப் பக்கத்தில் வந்து அடித்தார். நாத்தனார் என் காலிலேயே விழுந்துவிட்டாள்.

"தாயே, என் தம்பி எயுந்து நடப்பானா? வாக்கு சொல்லு தாயே!"

என்மேல் எந்தச் சாமியும் வரவில்லை. புத்தி தெளிவாகத்தான் இருந்தது. ஆனால் இரண்டு வருஷத்தில் அன்றுதான் ஒருவர் என்னை அந்தக் கேள்வி கேட்டுவிட்டு, பதிலுக்காகக் காத்திருந்தார்.

"நடக்க மாட்டான்," என்றேன். "என்னிக்கும் நடக்க மாட்டான்."

பம்பை நின்றது. நாத்தனார் எழுந்து, முந்தானையிலிருந்த மண்ணைக் கீழே உதறினாள்.

வீட்டுக்கு வந்தால், அதற்குள் யாரோ அவருக்குப் போன் பண்ணிச் சொல்லியிருந்தார்கள். சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். ஈரப் புடவையோடு வாசற்படியிலேயே நின்றேன்.

"மே, அம்மா சொன்னாளா, இல்ல நீ சொன்னியா?"

நான் என்றால், இத்தனை நாளும் ஏமாற்றிவிட்டு இப்போது பெண்டாட்டியே கைவிட்டாள் என்று ஆகும். அம்மன் என்றால், படுத்தபடியே வேண்டிக்கொள்ள அவருக்கு இருந்த ஒரே ஆளும் போய்விடுவாள். எதைச் சொன்னாலும் பாவம்தான்.

"அம்மாதான்யா," என்றேன்.

அவர் சுவரிலிருந்து முகத்தைத் திருப்பி என்னைப் பார்த்தார். பிறகு, "நீ சொல்லியிருந்தா உன்கூட சண்ட போட்டுக்கினாவது இருந்திருப்பேன் மே. அவ கைல இன்னாத்த சண்ட போடறது?" என்றார்.