ரத்தம் வந்த பக்கம்

என் கீழ்வரிசையில் இடப்பக்க முன்பல் ஒன்று ஆட ஆரம்பித்தபோது எனக்கு ஐம்பத்தோரு வயது. எழும்பூரில் வேலை, சிட்லபாக்கத்தில் வீடு. ரயிலில் நின்றபடியே நாக்கால் அந்தப் பல்லைத் தள்ளிப் பார்ப்பேன். நேற்றைவிட இன்று கொஞ்சம் அதிகமாக ஆடுகிறதோ என்று மறுபடியும் தள்ளிப் பார்ப்பேன். யாரும் அதைப் பிடுங்கச் சொல்லிவிடக் கூடாது, அவ்வளவுதான் என் வேண்டுதல்.

எங்கள் பக்கம் பல் டாக்டருக்குப் பஞ்சமில்லை. ஆபீஸ் முடிந்து, வீங்கிய காலோடு, ஒரே மாதத்தில் மூன்று பேரிடம் வாயைத் திறந்தேன். முதலாமவர் மேலாகச் சுத்தம் செய்து மவுத்வாஷ் எழுதிக் கொடுத்தார். ஈறில் ரத்தம் வருவது குறைந்தது, பல் பழுப்பானது. நான் விடாத காபிக்கும் அதில் பங்கு உண்டு. ஆட்டம் மட்டும் நிற்கவில்லை. இரண்டாமவர் லேசர் என்றார், வலிக்கவே வலிக்காது என்றார். ஆசையாகத்தான் இருந்தது. நடுவில் பக்கத்து வீட்டு அக்கா நல்லெண்ணெய் கொப்பளிக்கச் சொன்னார். ஆபீஸ் தோழியோ, "க்ளீன் பண்ணாலே பல்லு ஆடிடும்டி, போகாத" என்றாள். யார் பேச்சைக் கேட்பது என்று யோசிக்கவே எனக்கு ஒரு நாள் லீவு தேவைப்பட்டது.

மூன்றாமவர் ஒரு பெண், என்னைவிட இருபது வயதாவது சின்னவர். அளவு குறித்த மெல்லிய கம்பியைப் பல்லுக்கும் ஈறுக்கும் நடுவில் விட்டு, ஈறு எவ்வளவு விலகியிருக்கிறது என்று நர்ஸிடம் எண்களாகச் சொல்லிக்கொண்டே போனார். வலப்பக்கம் மூன்று, மூன்று, நான்கு. இடப்பக்கம் வந்ததும் ஐந்து, ஆறு. ஆடுகிற பல்லில் எட்டு.

"லேசர், ஜெல் எல்லாம் துணைக்குத்தான் மேடம். ஈறுக்குக் கீழ பல்லுல படிஞ்சிருக்கிற காரையைச் சுரண்டி எடுக்கணும், அதுதான் மெயின். மத்த பல்லு நிக்கும். இந்த ஒண்ணை மூணு மாசம் பாத்துட்டுச் சொல்றேன்" என்றவர், சட்டென்று, "இடது பக்கம் ப்ரஷ்ஷே பண்றதில்லையா?" என்றார்.

"ரத்தம் வரும் டாக்டர். அதான் அந்தப் பக்கம் தொடறதில்ல." புண்ணை நோகவிடாமல் பார்த்துக்கொண்டவளின் பெருமையோடுதான் சொன்னேன்.

"அங்க ப்ரஷ் பண்ணாததாலதான் மேடம் ரத்தமே வருது."

பத்து வருஷமாக அந்தப் பக்கம் தொட்டதில்லை. அந்த நாற்காலியிலேயே என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

நாலு சனிக்கிழமை. ஒவ்வொரு முறையும் மரத்துப்போக ஊசி, வாயில் கால்வாசி இடத்தில் சுரண்டல், வீட்டுக்கு வந்தால் உதட்டோரம் ஒழுகும் காபி. பிறகு தினமும் பல்லிடுக்கில் குட்டி ப்ரஷ் விட வேண்டும். ரயில் நெரிசலில் கசங்கி வந்து, படுத்தால் போதும் என்றிருக்கும் நாளில்கூட விட்டேன். அந்த ஒரு பல்லுக்காகத்தான் அவ்வளவும்.

மூன்று மாதம் கழித்து ஐந்தும் ஆறும் மூன்று, நான்கு ஆகியிருந்தன. எட்டு எட்டாகவே இருந்தது. "எலும்பு ரொம்பக் கரைஞ்சிடுச்சு மேடம்" என்றார் டாக்டர்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அதை எடுத்தார்கள். எதிர்ப்பே காட்டாமல் வந்தது. நான் அழுதேன். பஞ்சைக் கடிக்கக் கொடுத்து, ஒரு மணி நேரம் பேசக் கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள்.

வீட்டில் என் கணவர் லீவு நாள் என்று அப்போதுதான் எழுந்து பல் தேய்த்துக்கொண்டிருந்தார். வாஷ்பேசினில் நுரை இளஞ்சிவப்பாக இருந்தது. ப்ரஷ் வலப்பக்கத்திலேயே போய் வந்துகொண்டிருந்தது. நான் இடப்பக்கத்தைக் கை காட்டினேன்.

"அங்க ரத்தம் வருது" என்றார் நுரையோடு. "ரத்தம் வந்தா அந்தப் பக்கம் தொடாதீங்கன்னு நீதானே சொன்ன? நாலஞ்சு வருஷமா தொடறதே இல்ல."

பஞ்சைத் துப்பிவிட்டுக் கத்த வேண்டும் போலிருந்தது. முடியவில்லை. அவர் கையைப் பிடித்து, ப்ரஷ்ஷை இடப்பக்கம் நானே கொண்டுபோய் வைத்தேன்.