சரோஜாவை ஒருக்களித்துப் படுக்க வைத்தவன்

பேய், பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் கொட்டாவி விட்டுக்கொண்டு எழுந்து போகிற ஆள் நான். கம்பெனி சூப்பர்வைசரைத் தவிர வேறு எந்த உருவத்துக்கும் பயந்ததில்லை. நீங்கள் சிரிப்பீர்கள், தெரியும். நானே என்னைப் பார்த்துச் சிரித்து முடித்த பிறகுதான் இதை எழுதுகிறேன்.

என் மனைவி சரோஜாவுக்குப் பல வருஷமாக வலிப்பு. இப்போது மறதியும் சேர்ந்துகொண்டது. ஓசூர் பக்கத்தில் மத்திகிரியில் ஒற்றை அறை வாடகை வீட்டில் நாங்கள் இரண்டே பேர். காலையில் என்னை அடையாளம் தெரியும். மத்தியானம் சோறு உண்டதும், "யாருங்க நீங்க? எங்க வீட்டுக்காரரு கம்பெனி பஸ்ல வந்துருவாரு, அதுக்குள்ள கெளம்புங்க" என்பாள்.

"அவரு ஆளு எப்படி, நல்லா இருப்பாரா?" என்று வம்பிழுப்பேன்.

"உங்களுக்குத் தேவையில்ல."

அன்று மத்தியானம் தெருமுனைக்குத் தண்ணீர் கேன் வண்டி வந்தது. கேனைத் தோளில் வைத்துக்கொண்டு திரும்பினால், கதவு உள்தாழ்ப்பாள். யாரோ வேற்று ஆள் ஒருவழியாய்த் தொலைந்தான் என்று போட்டுவிட்டாள்.

"சரோ, கதவத் தெற."

"அவரு வரட்டும்."

அடுத்த நொடி தொப்பென்று விழுகிற சத்தம், தொடர்ந்து குதிகால் தரையில் அடிக்கிற சத்தம். தூக்கத்திலும் எனக்குத் தெரியும் அந்தச் சத்தம். மல்லாந்து கிடந்தால் மூச்சு அடைத்துவிடும், உடனே ஒருக்களித்துப் படுக்க வையுங்கள் என்று ஓசூர் டாக்டர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். படுக்க வைக்க வேண்டியவன் வெளியே நிற்கிறேன்.

என்ன செய்தேன் தெரியுமா? தோளால் கதவை இடித்தேன், தோளில் இருந்த கேனோடு. கேன் உடைந்தது, கதவு உடையவில்லை. அந்தத் தண்ணீரிலேயே வழுக்கி விழுந்து, கிடந்த கிடையில் கூச்சல் போட்டேன். பக்கத்து வீட்டுக் கன்னடக்காரி மஞ்சுளா கடப்பாரையோடு ஓடி வந்தவள், கதவருகே அப்படியே நின்றுவிட்டாள்.

"ஒளகே யாரோ இதாரண்ணா, யாரோ இருக்காங்க! நீங்க இங்க கெடக்கறீங்க, உள்ள உங்க கொரலு கேக்குது!"

நானும் கேட்டேன். நம்பினால் நம்புங்கள்.

"கரண்ட் போயிருக்கு தாயி, இப்ப வந்துரும்."

ஒவ்வொரு வலிப்பிலும் அவள் காதோரம் நான் சொல்வது அது, வேறு யாரிடமும் சொன்னதில்லை. குரலும் என்னுடையதுதான், ஆனால் அதில் பதற்றமே இல்லை. குதிகால் சத்தம் மெல்ல அடங்கியது.

கதவை நெம்பித் திறந்தோம். ஜன்னல் கம்பிகள் அப்படியே இருந்தன. சரோஜா இடது பக்கமாக ஒருக்களித்துக் கிடந்தாள். தலைக்கடியில் மடித்து வைத்த துண்டு. வாயோரம் துடைத்திருந்தது. மஞ்சுளா கடப்பாரையை ஓங்கிக்கொண்டு கட்டிலுக்கு அடியில் பார்த்தாள். வீராதி வீரனான நான் அவள் முதுகுக்குப் பின்னால் நின்றேன்.

கண் விழித்த சரோஜா என் கையைத் தொட்டுப் பார்த்துவிட்டுத் தள்ளினாள்.

"இது இல்ல. அவரு கை நடுங்கல."

தானாகவே புரண்டிருப்பார் என்றார் டாக்டர். அப்படியானால் துண்டை மடித்தது யார் என்று கேட்டேன். எனக்கும் ஒரு தூக்க மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

உள்தாழ்ப்பாளைக் கழற்றிவிட்டேன். இப்போது காலையிலும் அவளுக்கு என்னைத் தெரிவதில்லை. நான் பயப்படுவது அந்தக் குரலுக்கு அல்ல. முன்பெல்லாம் மருந்துக்கடைக்கு ஓடிப்போய் ஓடி வருவேன். இப்போது வழியில் டீக்கடையில் உட்கார்ந்து, நிதானமாக இரண்டாவது டீயும் சொல்கிறேன். வீட்டில்தான் அவன் இருக்கிறானே.